கப்பலில் போன வேலை கம்பியில் வந்தது!

நாகூர் ஸ்டேஷனில் விடியற்காலையில் இறங்குகிற ஜனங்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், வேண்டுதல்காரர்கள். குழந்தைக்கு முடியிறக்க, தீராத வியாதிக்கு பாத்திஹா ஓத, கடல் தாண்டிப் போன பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டிக்கொள்ள வருகிறவர்கள். இதில் மதக் கணக்கு கிடையாது. நெற்றி நிறைய விபூதியும் தலை நிறைய முக்காடும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

இரண்டாவது ரகம், 'பேக்கேஜ்' பக்தர்கள். நாகூர், வேளாங்கண்ணி, திருநள்ளாறு மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட வேன் பேசுகிறவர்கள். மூன்று இடத்திலும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்பது நல்லதுதானே? எது முதலில் சாங்ஷன் ஆகும் என்று யாருக்குத் தெரியும்!

மூன்றாவது ரகத்தைப் பற்றி சத்தமாகப் பேச முடியாது. ஊருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் வாஞ்சூர். அங்கே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் எல்லை ஆரம்பம். பாட்டில் விலை அந்தப் பக்கம் வேறு. மேல் விவரம் வேண்டுமென்றால் உங்கள் ஆபீஸிலேயே விஷயம் தெரிந்தவர் ஒருத்தர் இருப்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

2020-க்கு அப்புறம் நாலாவதாக ஒரு ரகம் சேர்ந்திருக்கிறது. தோளில் கறுப்பு லேப்டாப் பை. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையின் நீல நாடா எட்டிப் பார்க்கும். கண்ணில் பாதித் தூக்கம். வேண்டுதல் எதுவும் இல்லாதவர் போலத்தான் தெரியும். ஆனால் இருக்கிறது. 'மானேஜர் மனசு மாறணும்!'

இந்தக் கட்டுரை அந்த நாலாவது ரகத்தைப் பற்றியது.

எறிந்த கண்ணாடி

ஸ்டேஷனிலிருந்து தர்காவுக்கு நடந்தே போகலாம். வழி கேட்கவே வேண்டாம். தலையைத் தூக்கினால் போதும். ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. ஒரு முஸ்லிம் மகானின் அடக்கஸ்தலத்துக்கு இந்து ராஜா எழுப்பிய கோபுரம். அதைச் சுற்றி எந்த மதம் என்று கேட்காத புறாக்கள்.

அலங்கார வாசலுக்குப் போகும் வழியெல்லாம் கடைகள். பூ, சர்க்கரை, ஊதுபத்தி. காணிக்கைத் தகடுகளும் விற்கிறார்கள். கால் வலி தீர்ந்தவர் கால் தகடு போடுவார். வீடு கட்ட நினைக்கிறவர் வீட்டுத் தகடு. கடல் பயணத்துக்குக் கப்பல் தகடு. லேப்டாப் தகடு இருக்கிறதா என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "ஆர்டர் குடுத்தா செஞ்சு தரலாம், எத்தனை வேணும்?" என்றார் சிரிக்காமல். வியாபாரம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் 16-ம் நூற்றாண்டுக்காரர். வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, பல தேசம் சுற்றி, கடைசியில் இந்தக் கடலோரத்தில் தங்கிவிட்டவர். அவரைப் பற்றி இங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒரு கதை உண்டு. ஒரு நாள் நாவிதர் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாராம். அந்த நேரம் நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறுகிறது. உள்ளே இருந்தவர்கள் அவர் பேரைச் சொல்லி அலறுகிறார்கள். இவர் இங்கே உட்கார்ந்தபடியே கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எறிய, அது போய்க் கப்பலின் ஓட்டையில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டதாம்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கடலை நம்பிப் பிழைக்கிற ஓர் ஊர் எதற்காக ஏங்கும் என்பது இந்தக் கதையில் தெரிகிறது. ஆள் இங்கே, வேலை அங்கே. ஆள் நகராமலே அங்கே காரியம் நடந்துவிட வேண்டும். இந்த ஆசை நாகூருக்கு இன்றைக்கு நேற்று வந்ததல்ல.

சபராளிகளின் ஊர்

நாகூர்க்காரர்கள் பிழைப்புக்காக வெளிநாடு போவதை 'சபர்' என்பார்கள். பயணம் என்பதற்கான அரபுச் சொல். போய் வருகிறவர் சபராளி. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன் என்று இந்த ஊர்க்காரர்கள் கால் பதித்த இடங்கள் ஒரு வரைபடத்துக்குத் தேறும். பக்கத்து நாகப்பட்டினம்தான் ஏறுமிடம். கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' பல வருஷம் அப்படி ஆட்களைச் சுமந்தது. பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழிச் சேவை முடிந்தது.

அந்தச் சபராளிகள் ஒரு காரியம் செய்தார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-ல் ஆரம்பித்து 1830-க்குள் ஒரு நாகூர் தர்காவைக் கட்டினார்கள். பினாங்கில் சூலியா தெரு முனையிலும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் அடக்கம் எதுவும் கிடையாது, வெறும் ஞாபகச் சின்னம். சிங்கப்பூர் அரசாங்கம் தன் கட்டடத்தை 1974-ல் தேசியச் சின்னமாக அறிவித்தது.

எதற்காகக் கட்டினார்கள்? நினைத்தபோது ஊருக்கு வரமுடியாது. எனவே ஊரையே வேலை செய்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வேலையையே ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவரைத் தர்காவுக்கு அழைத்துப்போய் மயிலிறகால் தடவி மந்திரித்திருப்பார்கள்.

பிறகு 2020 மார்ச் வந்தது.

மாடியில் ஒரு ஆபீஸ்

மார்ச் 24 ராத்திரி பிரதமர் டி.வி.யில் தோன்றினார். மறுநாள் முதல் தேசமே பூட்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மேன்ஷன் அறைகளில் இருந்த பையன்கள் எப்படியெல்லாமோ ஊர் வந்து சேர்ந்தார்கள். தர்கா உட்பட வழிபாட்டு இடங்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. ஆனால் மாடி அறைகளில் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிந்தது. அமெரிக்காவில் அப்போது பகல்!

அதுவரை பி.பி.ஓ. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய வைப்பதென்றால் பதிவு, பேங்க் கேரண்டி என்று ஏகப்பட்ட கெடுபிடி. மத்திய தொலைத்தொடர்புத் துறை அந்த வருஷம் நவம்பர் 5-ம் தேதி அதையெல்லாம் தூக்கிவிட்டது. பெரிய கம்பெனிகளும் பெரிதாகவே பேசின. டி.சி.எஸ். 2020 ஏப்ரலில் '25/25' என்று ஒரு திட்டம் சொன்னது. 2025-க்குள் ஒரு சமயத்தில் நூற்றுக்கு 25 பேர் ஆபீஸில் இருந்தாலே போதுமாம்.

அப்படி மாடியறையை ஆபீஸாக்கிய ஒரு இளைஞரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம் என்றார். கம்பெனி பெயர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். தெரு வாசலில் நுழைந்தால் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கிற பழைய வீடு. திண்ணை, நடுவில் முற்றம், பாட்டனார் காலத்துத் தேக்குத் தூண். மாடியில் மேஜை, இன்வெர்ட்டர், இரண்டு இன்டர்நெட் கனெக்‌ஷன்.

"எதுக்குங்க ரெண்டு?"

"ஒண்ணு போனா ஒண்ணு ஸார். 2018-ல கஜா புயல் அடிச்சப்போ இந்தப் பக்கம் கரண்ட் கம்பமெல்லாம் எப்படி சாஞ்சு கிடந்துச்சுன்னு பார்த்தவன் நான். அதை மானேஜர்கிட்ட சொன்னா நெட்ல போட்டோ தேடிப் பார்த்துட்டு நம்புறாரு. ஆனா 'மாசாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணியிலேருந்து சாயங்காலம் வரை மின்தடை'ன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாரு!"

உள் வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய உம்மாவின் குரல் வந்தது. "தம்பி, பசியாறிட்டீங்களா?"

காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்பதை இவ்வளவு அழகாகக் கேட்கிற ஊரில் இல்லையென்று பொய் சொல்வது பாவமில்லை. பொய் சொன்னேன். பலன், தட்டில் வந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்வதன் சுகதுக்கங்களைப் பையன் அடுக்கினார். "பாங்கு சொல்ற நேரம் கரெக்டா கிளையன்ட் மீட்டிங் வரும். சட்டுனு மியூட் பண்ணணும். ஒருநாள் மறந்துட்டேன். அந்த வெள்ளைக்காரர் 'பியூட்டிபுல்... யாரு பாடறாங்க?'ன்னு கேட்டாரு. அது பரவாயில்லை ஸார். சொந்தக்காரங்கதான் கஷ்டம். 'வீட்லதானே சும்மா இருக்கே, ரேஷன் கடைக்குப் போயிட்டு வா'ம்பாங்க. ஆபீஸ் நேரம்னு சொன்னா, 'ஆபீஸா? கைலி கட்டிக்கிட்டா?'ன்னு கேக்குறாங்க."

மேலே சட்டை, கீழே கைலி. இந்திய ஐ.டி. துறையின் சீருடையே சில வருஷம் அதுதானே!

மூன்று தலைமுறை, மூன்று மூட்டை

பையனின் பாட்டனார் பினாங்கில் கடையில் இருந்தவர். கப்பல் ஏறினால் திரும்பி வர இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. வாப்பா சவூதியில் இருபத்திரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மாச லீவு.

உம்மா வாசலுக்கு அந்தப் பக்கமிருந்தே கணக்குச் சொன்னார்: "இருபத்திரண்டு வருஷத்துல எங்க மாப்புளை வீட்ல இருந்த நாளை எல்லாம் சேர்த்தாலும் ரெண்டு வருஷம் முழுசா வராது தம்பி. இவன் பேச ஆரம்பிச்சதை கேசட்டுல பதிஞ்சுதான் அனுப்பினேன். கொரோனாவுல ஊரே அழுதுச்சு. நானும் அழுதேன். ஆனா இந்த வூட்ல ரெண்டு வருஷம் தொடர்ச்சியா ஆம்பளை ராத்திரி சோத்துக்கு உக்காந்தது அப்பதான்."

சிரித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திக்கொண்டேன்.

நோய் காலத்தைக் கொண்டாடுகிற பேச்சல்ல அது. எத்தனையோ வீட்டில் சாவு விழுந்த காலம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆண்களை ஏற்றுமதி செய்து பணத்தை இறக்குமதி செய்த ஓர் ஊருக்கு, சம்பளமும் ஆளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கமுடியும் என்று அந்த இரண்டு வருஷம் காட்டிவிட்டது. பார்த்துவிட்ட பிறகு மறக்கச் சொன்னால் எப்படி?

இப்போது வாப்பா ஊரோடு வந்துவிட்டார். சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாகப்பட்டினத்துக்கு அழைத்துப்போய்க் கட்டு மாற்ற வேண்டும். பையனுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். இந்த நிலைமையில்தான் கம்பெனியிலிருந்து கடிதாசி வந்தது. 'இனி ஹைபிரிட். வாரம் மூன்று நாள் ஆபீஸ்.'

காவிரி டெல்டாவில் ஹைபிரிட் என்று சொன்னால் முதலில் நெல்தான் ஞாபகம் வரும். ஜப்பான் ரகத்தையும் நம்மூர் ரகத்தையும் கலந்து ஆடுதுறையில் 1960-களில் உண்டாக்கிய ஏ.டி.டி. 27-ஐப் பழைய மிராசுதார்கள் இன்னும் சொல்வார்கள். கலப்பு நல்லதுதான். ஆனால் எந்த மண்ணுக்கு எந்தக் கலப்பு என்று பார்க்க வேண்டாமா?

ரயில் கணக்கு

ஸார், நீங்கள் தாம்பரத்தில் இருக்கிறீர்கள், ஆபீஸ் சோழிங்கநல்லூரில் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்றால் உங்களுக்கு வாரம் இரண்டு நாள் டிராபிக் மிச்சம். சந்தோஷம். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

நாகூர்க்காரருக்குச் சென்னை முன்னூறு கிலோமீட்டர். ராத்திரி ஏறினால் விடியலில் இறங்கலாம். வாரம் மூன்று நாள் என்றால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. வருஷத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தாலும் நூறு ராத்திரி ரயிலில். கல்யாணமான புதிதில் மனைவியைவிட டி.டி.ஆரை அதிகம் பார்க்கவேண்டி வரும்.

இப்போது அதே பன்னிரண்டு நாளைக் கொஞ்சம் மாற்றிக் கட்டுங்கள். வாரம் மூன்று என்று பிய்த்துப் போடாமல், மாசத்தில் பன்னிரண்டு நாளைச் சேர்த்து ஒரே மூட்டை. மாசம் ஒரு முறை போய், ஒரு முறை வந்தால் போதும். வருஷத்துக்கு இருபத்து நாலு ராத்திரி. ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் நாட்கள் ஏறக்குறைய அதேதான். ரயில் ராத்திரி மட்டும் நூறிலிருந்து இருபத்து நாலாகிவிட்டது. எழுபத்தாறு ராத்திரி லாபம்.

வாடகையிலும் லாபம் உண்டு. திருவல்லிக்கேணியில் ஒரு கட்டிலை இரண்டு பேர் பேசி வைத்துக்கொள்ளலாம். மாசத்தின் முதல் பாதி நான், பின் பாதி நீ. கட்டிலுக்கும் ஹைபிரிட்!

ஆக, விஷயம் எத்தனை நாள் ஆபீஸ் என்பதில் மட்டும் இல்லை. அந்த நாட்களை வாரக் கணக்கில் எண்ணுகிறார்களா, மாசக் கணக்கில் எண்ணுகிறார்களா என்பதில்தான் ஒரு நாகூர்க்காரர் நாகூரில் வாழ முடியுமா முடியாதா என்பது இருக்கிறது. வாரக் கணக்கு நகரத்துக்காரருக்குச் சலுகை. தூரத்து ஊர்க்காரருக்கு அது மொத்தமாக ஊரைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், கொஞ்சம் மரியாதையான பாஷையில்.

மாசக் கணக்கு நடக்காத காரியமும் அல்ல. இன்போசிஸ் 2025 மார்ச்சில் ஒரு குறிப்பிட்ட நிலை வரைக்குமான ஊழியர்களுக்கு வைத்த விதியே மாசம் குறைந்தது பத்து நாள் ஆபீஸ் என்பதுதான். மறுபக்கம், '25/25' சொன்ன டி.சி.எஸ். 2023 அக்டோபரிலேயே வாரம் ஐந்து நாளும் வரச்சொல்லிவிட்டது. ஆக ஒரே தொழிலில் இரண்டு கணக்கு. எது சரியென்று வேதத்தில் எழுதியிருக்கவில்லை.

ஷாங்காய் சொன்ன சாட்சி

"வீட்டில் இருந்தால் தூங்குவான்" என்பது மானேஜர்களின் நிரந்தர சந்தேகம். இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சீனாவில் ட்ரிப்.காம் என்ற பயண ஏற்பாட்டுக் கம்பெனி. ஸ்டான்போர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் 1,612 ஊழியர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் வீட்டு வேலை, மறுபாதிக்கு ஐந்து நாளும் ஆபீஸ் என்று வைத்தார்கள். முடிவு 2024 ஜூனில் 'நேச்சர்' இதழில் வந்தது. வேலைத் தரத்திலோ புரமோஷனிலோ வித்தியாசம் இல்லை. ஆனால் வேலையை விட்டு ஓடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். யார் யார் தங்கினார்கள்? முக்கியமாகப் பெண்கள், மானேஜர் அல்லாதவர்கள், ரொம்ப தூரத்திலிருந்து வருகிறவர்கள்.

இதில் எனக்குப் பிடித்தது மானேஜர்கள் கதை. சோதனைக்கு முன்னால் கேட்டபோது, 'உற்பத்தி சுமார் 2.6 சதவிகிதம் விழும்' என்றார்களாம். முடிந்த பின் கேட்டபோது, '1 சதவிகிதம் கூடும்' என்றார்களாம். மானேஜர் மனசு மாறும் என்பதற்கு அறிவியல் அத்தாட்சி!

இதே கம்பெனியில் அதற்குப் பல வருஷம் முன்பு கால் சென்டர் ஊழியர்களை வைத்து வேறொரு சோதனை நடந்தது. அவர்கள் வாரத்தில் நாலு நாள் வீட்டில். வேலை 13 சதவிகிதம் கூடியது. ஆனால் செய்த வேலைக்குத் தகுந்த புரமோஷன் குறைந்தது. கண்ணில் படாதவன் கருத்திலும் படமாட்டான். தவிர, வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தாங்களாகவே ஆபீஸுக்குத் திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை.

எனவே மானேஜர் பக்கத்திலும் நியாயம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பையன் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்கவேண்டும். டீ குடிக்கும்போது தீர்கிற பிரச்னைக்கு வீடியோவில் மூன்று மீட்டிங் போடவேண்டி வருகிறது. ஆனால் மூட்டை கட்டுகிற யோசனை இதற்கும் மருந்து. ஆளுக்கொரு நாள் வந்து காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, ஆபீஸிலிருந்தபடி வீட்டிலிருப்பவரோடு வீடியோவில் பேசுவதற்கு எதற்கு ஆபீஸ்? குழு முழுவதும் அதே பன்னிரண்டு நாள் கூடட்டும். சேர்ந்து செய்ய வேண்டியதை அப்போது செய்யட்டும். தனியாகச் செய்ய வேண்டியதை அவரவர் ஊரில் செய்யட்டும்.

வீட்டுக்கும் சென்னைக்கும் நடுவே

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது நாகூருக்கு ரொம்பப் பக்கத்திலேயே நடந்தது.

மயிலாடுதுறை-திருவாரூர் சாலையில் கொல்லுமாங்குடி என்று ஒரு ஊர். சுற்றிலும் வயல். சலோனி மல்ஹோத்ரா என்ற இளம் இன்ஜினியர், சென்னை ஐ.ஐ.டி. ஆதரவோடு 2007-ல் 'தேசிக்ரூ' என்ற கிராமத்து பி.பி.ஓ. கம்பெனியை ஆரம்பித்தார். அதன் ஆரம்ப கால மையங்களில் ஒன்று இந்தக் கொல்லுமாங்குடியில். படித்துவிட்டு, சென்னைக்கு அனுப்ப வீட்டார் தயங்கிய பெண்களுக்கு அது சைக்கிளில் போய்வருகிற ஆபீஸ். கொரோனா வருவதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே!

நாகூர்ப் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். இந்த ஊர் சித்தி ஜுனைதா பேகம் 1938-ல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டவர். முஸ்லிம் பெண்கள் தெருவுக்கு வருவதே அபூர்வமாக இருந்த நாளில், அவருடைய பேனா மட்டும் ஊர் ஊராகப் போனது. வேலை வெளியே போனது, ஆள் வீட்டில். அன்றைக்கு அது கட்டுப்பாடு. அதே வீட்டு வாழ்க்கை இன்றைக்கு ஒரு பெண்ணுக்குச் சொந்தச் சம்பளத்தோடு கிடைக்கலாம். ஆனால் 'வீட்டிலேயே இருந்து செய்' என்பதும் பூட்டுதான். 'வேண்டுமானால் வீட்டில், வேண்டுமானால் பக்கத்து ஆபீஸில்' என்பதுதான் சாவி.

அரசாங்கமும் அந்தத் திசையில் நடக்கிறது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். 55,000 சதுர அடி. நாகூரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வரக் கொஞ்சம் தூரம்தான், ஆனால் சென்னை இல்லை! கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை கரையோரப் பையன்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று வந்தால் நூறு ரயில் ராத்திரிப் பேச்சுக்கே இடமில்லை.

சில்லடியில் சாயங்காலம்

சாயங்காலம் பையன் என்னைச் சில்லடிக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். காற்று, ஈர மணல், தூரத்தில் காரைக்கால் துறைமுகத்துக் கப்பல். கரையில் நாலைந்து பேர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஹைபிரிட் கிடையாது. மீன் வீட்டுக்கு வந்து பிடிபடாது. பூக்கடைக்காரர், பரோட்டா மாஸ்டர், ஆஸ்பத்திரி நர்ஸ் யாருக்குமே கிடையாது. கம்பி வழியாகப் போகக்கூடிய வேலைக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு. அப்படிப் போகக்கூடிய வேலையையும் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை ஓடவிடுவது எதற்காக என்பதுதான் கேள்வி.

"மானேஜர்கிட்ட கேட்டீங்களா, மாசத்துக்குப் பன்னிரண்டு நாள் சேர்த்து வர்றேன்னு?"

"கேட்டேன் ஸார். 'ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா பாலிசியில வாரம்னுதான் போட்டிருக்கு'ன்னாரு. மேல அனுப்பியிருக்காரு. அடுத்த மாசம் தெரியும்."

"ஒத்துக்கலைன்னா?"

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பா சொல்றாங்க, 'என் காலை நான் பார்த்துக்குவேன், நீ வேலையை விட்டுடாதே'ன்னு. உம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க. அதான் ஸார் கஷ்டமா இருக்கு."

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு கம்பெனியில் இந்த மாதிரி விதி எழுதுகிற நாற்காலியில் இருக்கலாம். நாளைக்கே உட்காரப்போகிறவராகவும் இருக்கலாம். உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஆபீஸ் நாட்களைக் கூட்டுங்கள், குறையுங்கள், அது உங்கள் வியாபாரம். ஆனால் 'வாரம்' என்று டைப் அடிக்கப் போகும்போது ஒரு நிமிஷம் கையை நிறுத்தி, அந்த இடத்தில் 'மாதம்' என்று போட்டுப் பாருங்கள்.

இரண்டும் மூன்றே எழுத்து. கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. சில்லடிப் பக்கம் ஒரு வீட்டில் ராத்திரி சோற்றுக்கு ஒரு தட்டு கூடுதலாக விழும்.